சனாவுல்லா பாய் வீட்டுப் பச்சை ஹால்

ஐம்பதுகளில் ஆலங்காயத்தில் புளி விற்கவோ வாங்கவோ வேண்டுமென்றால் முதலில் சனாவுல்லா பாயின் கண்ணைக் கேட்க வேண்டும். ஊர் அப்படித்தான் சொல்லும். "பாய்க்கு இருக்கிறது கண்ணு இல்ல, தராசு" என்று மண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பெருமையடிப்பார்கள். அந்தக் கண்ணின் லட்சணம் உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவருடைய மனைவி ஃபக்ருன்னிசாவுக்கு. பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத கண் அது.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் குடியானவர்கள் மூட்டையை அவிழ்த்து வைத்ததும் பாய் வந்து குந்துவார். ஒரு பிடி புளியை எடுப்பார். கட்டைவிரலால் அழுத்துவார், மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை இறுக மூடிக்கொள்வார். மண்டியே மூச்சு விடாமல் நிற்கும். "போன வருசத்துப் புளிய நடுவுல சொருகியிருக்கிற. ரெண்டாம் ரகம்" என்பார். அதோடு முடிந்தது. மலைக்காரனும் மறுபேச்சு பேசமாட்டான், வாணியம்பாடி வியாபாரியும் பேசமாட்டான். புதுப்புளி செந்நிறமாக இருக்கும், வைக்க வைக்கக் கறுக்கும். மற்ற தரகர்களெல்லாம் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் ரகம் பிரிப்பார்கள், அப்படியும் மாதத்துக்கு ஒரு முறை தப்புவார்கள். பாய் தப்பியதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ரகம் சொல்கிற மனிதரின் கண்ணை ஊரே புகழ்கிறதே, ஒருத்தருக்காவது சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. "பாத்ததை மனசுக்குள்ள எடை போடறாரு" என்று விளக்கம் வேறு சொன்னார்கள்.

மூக்காலும் விரலாலும் சரியாகச் சொன்னால் போதாதா, கண் எதற்கு என்று கேட்கலாம். கேட்பது சுலபம். வாணியம்பாடிக்காரர்கள் நம்பியது கண்ணை. சிவப்பு எது என்றே தெரியாத ஆள்தான் இத்தனை வருஷமாகத் தங்களுக்கு ரகம் பிரித்துக் கொடுத்தான் என்று தெரிந்தால், அன்றைக்கே பாயின் வார்த்தை செல்லாக்காசு. மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தர் குந்தியிருப்பார். அந்த வேறொருத்தரும் தயாராகவே இருந்தார். அதாவுல்லா என்று பெயர். பக்கத்துக் கிடங்கில் தரகு பார்ப்பவர், நான்கு வருஷமாக அந்த இடத்தின்மேல் ஒரு கண்.

ஃபக்ருன்னிசாவுக்கு விஷயம் தெரிந்தது கல்யாணமான இரண்டாம் மாதம். பாய் வாணியம்பாடிக்குப் போய்விட்டு ஒரு புடவையோடு வந்தார். "உனக்குக் கிளிப்பச்சை எடுப்பா இருக்கும்னு தோணிச்சு" என்று கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் செங்கல் நிறம், சூளையிலிருந்து நேராக வந்தது போல. கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். முகத்தில் கேலி இல்லை, புதுமாப்பிள்ளையின் பெருமைதான் இருந்தது. மறுவாரம் கொல்லையில் பழுத்த மிளகாயாகப் பார்த்துப் பறித்து வரச் சொன்னாள். பாதி பழம், பாதி காய், கூடை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எல்லாம் நல்லாப் பழுத்தது" என்றார். பதினேழு வயசுப் பெண்ணுக்கு அதற்கு மேல் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சொன்னாளா? யாரிடமும் இல்லை. அவரிடமே சொன்னாளா? அதுவும் இல்லை. வந்த புதிதில் புருஷனுக்குக் குறை சொல்லப் பயம். பயம் தெளிந்தபோது சொல்லும் சமயம் தப்பிப்போயிருந்தது. அப்படியே இருபத்திரண்டு வருஷம். மகள் பர்வீனைப் பெற்று, வளர்த்து, ஆம்பூரில் கட்டியும் கொடுத்தாகிவிட்டது. இதற்கிடையில் ஃபக்ருன்னிசா பச்சைக் கட்டம் போட்ட கைலிகளுக்கெல்லாம் ஓரத்தில் சின்னதாக ஒரு முடிச்சு போட்டு வைத்தாள். "பச்சைக் கைலி கட்டிக்கினு வர்றேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு, அவர் வேறொன்றைக் கட்டிக்கொண்டு வந்து மானம் போகக்கூடாது அல்லவா. முடிச்சு எதற்கு என்று பாய் ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்குப் புடவை எடுக்கத் தெரியாவிட்டாலும் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியும்.

அது மண்டியில்தான் தெரியாமல் போயிற்று. ஐம்பத்தொன்பதில் பாய் சொந்தமாக ஒரு வீடு கட்டினார். மங்களூர் ஓடு, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. சுவர் காய்ந்து வெள்ளையடிக்க வேண்டிய நேரத்தில், பாயிடம் மொத்தமாகப் புளி வாங்கும் வாணியம்பாடிப் பெரிய வியாபாரி சைபுல்லா சாயபு ஏதோ நல்ல மனசோடு ஒரு வார்த்தை சொன்னார். "எங்க வூட்டுல ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு கலர் அடிச்சிருக்கேன், ஒண்ணும் நல்லா இல்ல. உங்களுக்குத்தான் பேர் போன கண்ணாச்சே பாய். நீங்க அடிங்க, நான் வந்து பாத்து அதே மாதிரி அடிச்சுக்கிறேன்."

கொஞ்சம் புத்தியுள்ள மனிதர், எனக்கு நேரமில்லை, மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று நழுவியிருப்பார். பாய் என்ன செய்தார்? மீசையைத் தடவிக்கொண்டு, "வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிஞ்சதும் வாங்க, சாப்பாடு நம்ம வூட்டுல" என்றார். இருபத்திரண்டு வருஷத்துப் புகழ்ச்சி ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் பாருங்கள். தம் கண்ணைப் பற்றி ஊர் சொன்னதை அவரே நம்ப ஆரம்பித்திருந்தார்.

அன்றிலிருந்து மண்டியில் புளிப் பேச்சு நின்று கலர்ப் பேச்சு நடந்தது. தையற்காரர் ரோஸ் என்றார். வாணியம்பாடி பஸ் கண்டக்டர் பஸ்ஸுக்கு அடிக்கிற சிவப்புதான் அழுக்கு தெரியாது என்றார், பாய் வீட்டு ஹாலில் தினமும் அறுபது பேர் ஏறி இறங்கப் போவது போல. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் இளநீலம் ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்றார். அதாவுல்லா மட்டும் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பாய் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் தீர்ப்பு சொன்னார். ஹால் பச்சை, அடிச்சுவரில் ஒரு முழ உயரத்துக்குச் செங்காவிப் பட்டை, படுக்கையறை நீலம், சமையலறை மஞ்சள். அதைப் போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட ஃபக்ருன்னிசாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. புளி வியாபாரி வீட்டுப் புளி, கொஞ்சம் அதிகமாகவே கரைத்தது.

"ஏங்க, வெள்ளை அடிச்சா போதாதா? பளிச்சுனு இருக்கும்" என்றாள்.

"வெள்ளை அடிக்கிறதுக்கு இது இன்னா ஆஸ்பத்திரியா?"

"நீலமும் மஞ்சளும் நல்லாத்தான் இருக்கு. ஹாலுக்கும் நீலமே அடிச்சிடலாமே."

"கலரைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா நீ?" என்றார் பாய். மண்டியில் எல்லார் வாயையும் அடைக்கும் வாக்கியம் அது. வீட்டிலும் அடைத்தது.

கலர்ப் பொடியைப் பாயே போய் வாணியம்பாடியில் வாங்கி வந்தார். நாலு பொட்டலம், எல்லாம் பழைய செய்தித்தாளில் கட்டியவை, எதிலும் எழுத்து இல்லை. கடைக்காரனுக்கு எழுத வேண்டிய அவசியம் என்ன, பிரித்தால் யாருக்கும் தெரியுமே. வேலைக்கு மலையிலிருந்து சின்னராசு என்பவர் வந்தார். சுண்ணாம்பு கரைத்துக் கொடுக்க அவர் மனைவி பூங்கோதை. வேற்று ஆண் வேலை செய்கிற இடத்தில் வீட்டுப் பெண் நிற்கும் வழக்கமில்லை என்பதால், ஃபக்ருன்னிசா அந்த மூன்று நாளும் அடுத்த தெருவில் பழைய வாடகை வீட்டிலேயே இருந்தாள். புது வீட்டில் மேற்பார்வைக்கு இருந்தது பாயின் கண் மட்டும்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் சின்னராசு சாப்பிடப் போன நேரம் பார்த்து, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவள் புது வீட்டுக்குள் நுழைந்தாள். சமையலறை மஞ்சள். நல்லது. படுக்கையறை நீலம். அதுவும் நல்லது. ஹாலுக்குள் காலை வைத்தாள். நாலு சுவரும் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு இலைப்பச்சை. அதற்கு மேலே உத்தரம் வரைக்கும் செங்காவி. செங்கல் சூளைக்குள் வந்து நின்றது போல இருந்தது.

மூலையில் பூங்கோதை வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாடி?"

"ஹாலும்மா."

"அது தெரியுது. இன்னா கலரு?"

பூங்கோதை சுவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். "பாய் பச்சைன்னாரும்மா."

"உன் கண்ணுக்கு இன்னா கலரு?"

"என் கண்ணுக்குச் செம்மண்ணு மாதிரிதாங் கீது. எங்க வூட்டுக்காரரு பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டி ரெண்டு தடவ கேட்டாரும்மா, 'இதுங்களா பச்சை'ன்னு. 'எனக்கே கலர் சொல்லித் தர்றியா'ன்னு பாய் கேட்டுட்டாரு. அவ்ளோ பேர் போன கண்ணு சொல்றப்போ நாங்க இன்னாம்மா பேசறது? மலையில நாங்க பாக்கிற பச்சை வேற, கடையில விக்கிற பச்சை வேறயோ இன்னாவோன்னு அடிச்சிட்டாரு."

கேட்டீர்களா கொடுமையை. பிறந்ததிலிருந்து காட்டுக்குள் பச்சையை மட்டுமே பார்த்து வளர்ந்த மனிதர், தமக்குப் பச்சை தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டு மூன்று நாள் காவி அடித்திருக்கிறார். பாயின் புகழ் அப்பேர்ப்பட்டது.

"இது மேல பச்சை அடிக்க முடியுமா? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள?"

பூங்கோதை தெருமுனையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனிடம் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "காவி மேல எது அடிச்சாலும் கசிஞ்சிக்கினு வருமாம்மா. ரெண்டு கை வெள்ளை அடிச்சு, அது காஞ்சு, அப்புறந்தான் பச்சையாம். நாலு நாளாவது ஆவுமாம்."

"சரி. இதப் பத்தி வெளிய யார்கிட்டயும் பேசாத."

"எதைப் பத்திம்மா?" என்றாள் பூங்கோதை, வாளியைக் கவிழ்த்துக்கொண்டே. கெட்டிக்காரி.

சாயங்காலம் வேலைக்காரர்கள் போனதும் பாய் வந்தார். ஹால் நடுவில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "எப்படி நம்ம பச்சை? கண்ணுக்குக் குளிர்ச்சியா இல்ல?"

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். ஃபக்ருன்னிசாவும் வாயைத் திறக்கத்தான் செய்தாள். திறந்த வாய்க்குள் இருபத்திரண்டு வருஷம் அடைத்துக்கொண்டு நின்றது. அந்தப் புடவையைக் கொடுத்த அன்றைக்கு இருந்த அதே முகம், அதே பெருமை. இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது? அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. "ஏங்க, சாயபு வர்றதை அடுத்த வாரத்துக்கு வச்சுக்கலாமா? எனக்கு உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னாள்.

"சாயபு கிளம்பறேன்னு ஆள் அனுப்பிட்டாரு" என்றார் பாய், சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சைபுல்லா சாயபு வந்தார். கூடவே, கூப்பிடாமலேயே, அதாவுல்லாவும் வந்தார். ஃபக்ருன்னிசா ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் தட்டுகளை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் வேற்று ஆண்கள் காதில் விழும்படி அவள் குரல் ஒரு நாளும் போனதில்லை. பாத்திரம் கீழே விழுந்தால்கூட, அது மெதுவாக விழுந்திருக்கக் கூடாதா என்று நினைக்கிற வீடு.

"வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார் பாய். உட்காரும் வரைக்கும்கூட அவருக்குப் பொறுக்கவில்லை. "எப்படி இருக்கு பாருங்க பச்சை?"

சாயபு நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார். அதாவுல்லா அவசரப்படவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். காவியில் ஒரு விரலை வைத்தார்.

"எது பாய் பச்சை? இதுவா?" என்று கேட்டார்.

"பின்ன அது இன்னா, சிவப்பா?" என்று பாய் சிரித்தார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. அதாவுல்லா மெதுவாகச் சாயபு பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா சாயபே" என்று ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷத்துப் புளி வியாபாரம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. சாயபு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பாயின் கண்ணையே பார்த்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி.

"பச்சைதான் அடிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு அவரு. நாந்தான் கூடாதுன்னேன். எனக்குச் செங்காவிதான் வேணும், இல்லன்னா இந்த வூட்டுல காலே வைக்கமாட்டேன்னு சொல்லி, வேலைக்காரங்கள வச்சு நானே மாத்தி அடிக்கச் சொல்லிட்டேன். அந்தக் கோவத்துல மூணு நாளா என்னைக் குத்திக் காட்டறதுக்குப் பச்சை பச்சைன்னே சொல்லிக்கினு கீறாரு. நீங்களாச்சும் கேளுங்க சாயபே, வந்தவங்க முன்னாடியுமா பொண்டாட்டிய இப்படிக் கிண்டல் பண்றது?"

அதாவுல்லா சுவரிலிருந்து விரலை எடுத்தார். அப்புறம் சைபுல்லா சாயபு தொந்தி குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "பாய், நம்ம வூட்டுலயும் இதே கதைதான். எங்க ஹாலுக்கு அடிச்ச ரோஸ் நான் சொன்னதுன்னா நினைச்சீங்க? எல்லாம் உள்ளேருந்து வந்த உத்தரவு." பாயின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

பாய் அசையாமல் நின்றார். சுவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அவர் முகம் எப்படி இருந்தது என்று திரையின் ஓரத்திலிருந்து பார்த்த ஃபக்ருன்னிசாவுக்குத்தான் தெரியும். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி சரி, போதும், சோத்தை அனுப்பு" என்றார். அதாவுல்லா தொடங்கிய வாக்கியத்தை யாரும் முடிக்கச் சொல்லவில்லை. அவர் அதைப் பிரியாணியோடு சேர்த்து விழுங்கினார்.

பொழுது சாய்வதற்குள் ஆலங்காயம் முழுக்கச் செய்தி பரவியது. சனாவுல்லா பாய் பெண்டாட்டிக்குப் பயந்தவர், சொந்த வீட்டு ஹாலுக்குக் கலர் சொல்லக்கூட அவருக்கு அதிகாரமில்லை. ஃபக்ருன்னிசாவுக்கும் ஒரு பெயர் கிடைத்தது, அடங்காதவள் என்று. அந்த இரண்டு பெயரும் கடைசி வரைக்கும் அவர்களை விட்டுப் போகவில்லை. "பாய், இன்னிக்கு வூட்டுல இன்னா உத்தரவு?" என்று தையற்காரர்கூடக் கேட்பார். பாய் சிரித்துக்கொண்டே போய்க் குந்துவார், புளியை எடுப்பார், கண்ணை மூடிக்கொள்வார். சொன்ன ரகம் சொன்னதுதான். பெண்டாட்டிக்குப் பயப்படுகிறவன் புளியில் தப்புவான் என்று எந்த ஊரிலும் எந்த வியாபாரியும் சொன்னதில்லை.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு சாயபுவை வாணியம்பாடி பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பாய் திரும்பி வந்தபோது ஃபக்ருன்னிசா ஹாலில் சாப்பிட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாய் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கட்டைவிரலால் அழுத்தினார். மூக்கைக் கொண்டுபோய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சுண்ணாம்பு வாசனைதான் வருது" என்றார்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. அவர் திரும்பவும் இல்லை.

"எட்டு வயசுல அத்தா மண்டியில என்னை உக்கார வச்சு, சிவப்பா இருக்கிறத எல்லாம் தனியாப் பிரின்னாரு. பிரிச்சேன். தோல் உரிய அடிச்சாரு. மறுநாளும் பிரிக்கச் சொன்னாரு, மறுநாளும் அடிச்சாரு. மூணாம் நாள் மோந்து பாத்துப் பிரிச்சேன். அதுக்கப்புறம் அடியே வாங்கல." "உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"ரெண்டாம் மாசத்துலேருந்து."

பாய் கட்டியிருந்த கைலியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷக் கைலி முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நிற்கிறவர் போல நின்றார். பிறகு, மண்டியில் யாரிடமும் கேட்காத குரலில் கேட்டார்.

"அந்தப் புடவை. நான் மொதமொதல்ல வாங்கியாந்தேனே. அது இன்னா நிறம்?"

எத்தனையோ பெருநாளுக்கு அதை அவள் உடுத்தியிருக்கிறாள். எத்தனையோ தடவை அவர், "பச்சை உனக்கு நல்லா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். எத்தனையோ தடவை அவள் ஆமாம் என்றிருக்கிறாள். ஃபக்ருன்னிசா துணியைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"செங்கல் நிறம்ங்க."

"நல்லா இருக்குமா?"

அவள் நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இந்த ஹாலுக்குப் பொருத்தமா இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கட்டிக்கொள்ள உள்ளே போனாள்.